ஐந்து வட்டுகள்தான் வாங்க முடியும் என்றால் எந்தக் குற்றப்படங்கள்?

மாடிவீடு கேட்கிறார்:

மைத்துனர் அடுத்த மாதம் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். சென்ற முறை வந்தபோது அங்கே வாங்கிய ப்ளூ-ரே பிளேயர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் இதுவரை ஓடியவை கல்யாண வீடியோவும் பிள்ளைகளின் கார்ட்டூனும் மட்டும்தான். இந்த முறை, "படம் வேண்டுமென்றால் ஐந்து வரை சொல்லுங்கள், பெட்டியில் இடம் இருக்கிறது" என்கிறார்.

போலீஸ், கொள்ளை, துரத்தல், துப்பு துலக்கல், இவைதான் எனக்குப் பிடித்தவை. ஒரு தடவை பார்த்து மறந்துபோகிற படத்துக்குக் காசு கொடுக்க மனமில்லை. எந்த மொழியானாலும் பரவாயில்லை, ஆங்கில சப்டைட்டில் இருந்தால் போதும்.

கூடவே ஒரு தொல்லை. இரவு பத்து மணிக்கு மேல்தான் டிவி என் கைக்கு வரும். பேச்சு காதில் விழட்டுமே என்று ஒலியைக் கூட்டினால் அடுத்த காட்சியில் துப்பாக்கி வெடிக்கிறது, அம்மா எழுந்து வந்துவிடுகிறார். இதற்கு வழி உண்டா?

செந்தூரம் பதில்:

அடிதடி வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு தி ரெய்ட் (2011) வாங்குங்கள். இந்தோனேசியப் படம், எடுத்தவர் கேரத் எவன்ஸ் என்ற வேல்ஸ்காரர். போதைப்பொருள் தலைவன் ஒருவன் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் போலீஸ் படை நுழைகிறது, அவ்வளவுதான் கதை. சிலாட் என்ற அந்த ஊர்ச் சண்டைக்கலையை நாயகன் இக்கோ உவைஸ் நிஜமாகவே கற்றவர் என்பது ஒவ்வோர் அடியிலும் தெரியும். ரத்தம் கொஞ்சநஞ்சமல்ல, பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள்.

இன்னொன்று, ப்ளூ-ரேக்காக உலகை ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் விற்கும் பிளேயர் பொதுவாக ஏ மண்டலத்துக்கானது. அமெரிக்கா, ஹாங்காங், கொரியா, ஜப்பான் வட்டுகள் அதில் ஓடும். பிரிட்டனில் வெளியாகும் வட்டுகளில் பல பி மண்டலத்துக்குப் பூட்டப்பட்டவை. விலை மலிவு என்று அதை வாங்கிவிட வேண்டாம் என்று மைத்துனரிடம் சொல்லிவையுங்கள். நம் நாடு சி மண்டலம். 4கே வட்டுக்கு இந்தப் பூட்டு இல்லை, ஆனால் அதற்கு 4கே பிளேயர் வேண்டும். உங்களுடையது அதுவா என்று முதலில் பாருங்கள்.

பழைய ஆபரேட்டர் பதில்:

தம்பி, நான் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆபரேட்டர் படத்தைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். சின்னக் கண்ணாடி வழியே திரை தெரியும், ஆனாலும் கண் முக்கால்வாசி நேரம் புரொஜெக்டரில் எரிந்து ஒளி தரும் கார்பன் குச்சியின் மீதும் ஓடும் ரீலின் மீதும் இருக்கும். படத்தோடு இருப்பது காதுதான். அதனால் என் சிபாரிசுகள் எல்லாம் காது வழியாக வந்தவை. குற்றப்படத்தில் பின்னணி இசை எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். அந்த இடத்தில் படம் தொய்யாமல் நின்றால் அது காசு கொடுத்து வாங்க வேண்டிய படம்.

முதலில் ரிஃபிஃபி. 1955-ல் பாரிஸில் எடுத்தது. இயக்கிய ஜூல்ஸ் டாசின் அமெரிக்கர். கம்யூனிஸ்ட் என்று ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிட, பிழைப்புக்கு ஐரோப்பா போனவர். நான்கு பேர் சேர்ந்து ஒரு நகைக்கடையைக் கொள்ளையடிக்கிறார்கள். அந்தக் கொள்ளை சுமார் அரைமணி நேரம் ஓடுகிறது. ஒரு வார்த்தை இல்லை, இசையும் இல்லை. மாடி வீட்டுத் தரையில் துளை போடுகிறார்கள். துளையிலிருந்து உதிரும் காரை கீழே கடைக்குள் விழுந்தால் அபாயமணி அடித்துவிடும். என்ன செய்கிறார்கள் தெரியுமா? மடக்கிய குடை ஒன்றை அந்தத் துளை வழியே இறக்கி, கீழே போனதும் விரிக்கிறார்கள். அதன் பிறகு உடைக்க உடைக்கக் காரையெல்லாம் குடைக்குள் விழுகிறது. மணியின் வாயைத் தீயணைப்பு நுரையால் அடைக்கிறார்கள். அந்த அரைமணி நேரத்தில் பக்கத்தில் யாராவது இருமினால் உங்களுக்கே கோபம் வரும்.

இசையமைப்பாளர் ஜார்ஜ் ஓரிக் இந்தக் கட்டத்துக்கும் இசை எழுதித்தான் வைத்திருந்தார். டாசின் அதை இசையோடு ஒரு முறையும் இசை இல்லாமல் ஒரு முறையும் அவருக்குப் போட்டுக் காட்டினார். பார்த்து முடித்த ஓரிக், தன் இசை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்? பெட்டி உடைக்கும் இத்தாலியனாக நடித்திருப்பவரும் டாசின்தான், வேறு பெயரில். கான் விழாவில் அந்த ஆண்டு சிறந்த இயக்குநர் விருதும் கிடைத்தது.

அடுத்து புல்லிட் (1968). நாயகன் ஸ்டீவ் மெக்வீனின் மஸ்டாங் கார், கொலைகாரர்களின் கறுப்பு டாட்ஜ் சார்ஜர் கார், சான் பிரான்சிஸ்கோவின் மேடு பள்ளத் தெருக்கள். கதை கொஞ்சம் குழப்பம்தான், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். துரத்தலுக்கு முன்னால் இரண்டு வண்டியும் ஒன்றை ஒன்று மெல்ல மோப்பம் பிடிக்கும்போது லாலோ ஷிஃப்ரினின் இசை அடியில் ஓடிக்கொண்டிருக்கும். சார்ஜரை ஓட்டுகிறவன் சீட் பெல்ட்டை எடுத்து மாட்டுவான். வண்டி சீறும். அங்கே இசை நின்றுவிடும். அதற்கப்புறம் பத்து நிமிடத்துக்கு எஞ்சின், டயர், கியர் மாற்றும் சத்தம், வேறொன்றும் கிடையாது. எடிட்டர் ஃபிராங்க் கெல்லருக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த கட்டம் அது. அதிலும் ஓட்டை உண்டு. ஒரே பச்சை வோக்ஸ்வேகனை அவர்கள் திரும்பத் திரும்ப முந்துவார்கள், சார்ஜரிலிருந்து நான்குக்கும் மேலே வீல் கப் கழன்று ஓடும். வட்டில் நிறுத்தி எண்ணிப் பார்க்கலாம், தியேட்டரில் அது முடியுமா!

மூன்றாவது ஹீட் (1995). மைக்கேல் மான் எடுத்தது. சிகாகோவில் 1960-களில் ஒரு துப்பறிவாளரும் ஒரு கொள்ளைக்காரரும் நிஜமாகவே எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்த சம்பவத்திலிருந்து பிறந்த கதை. அல் பசீனோவும் ராபர்ட் டி நீரோவும் காபிக் கடையில் பேசும் காட்சியை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது வங்கிக் கொள்ளைக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் நடுத்தெருவில் நடக்கும் சண்டையை. படங்களில் வெடிச் சத்தத்தைப் பிற்பாடு ஸ்டுடியோவில் சேர்ப்பதுதான் வழக்கம். இங்கே அந்தத் தெருவிலேயே வெற்றுத் தோட்டா வெடித்து, பதிவான சத்தத்தையே வைத்துக்கொண்டார்கள். உயரமான கட்டடங்களில் மோதி அது திரும்பி வருவதைக் கேளுங்கள். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு வால் இருக்கும்.

இதைப் பழைய பால் (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடியில் வாங்காதீர்கள். விநாடிக்கு 24 பிரேம் படத்தை 25-ஆக ஓட்டுவார்கள். 170 நிமிடப் படம் ஏழு நிமிடம் முன்னதாகவே முடியும், குரலும் ஒரு பிசிறு ஏறிக் கேட்கும். பலர் கவனிப்பதில்லை. எனக்குக் காதில் எறும்பு போனது மாதிரி இருக்கும்.

நான்காவது ஜப்பானிய இயக்குநர் குரசவாவின் ஹை அண்ட் லோ (1963). எட் மெக்பெய்னின் அமெரிக்க நாவலை யோகோஹாமாவுக்குக் கொண்டுபோன படம். முதல் பாதி முழுக்கக் குன்றின் மேல் ஒரு பணக்கார வீட்டின் கூடத்திலேயே நடக்கும். திரைச்சீலைக்குப் பின்னால் போலீஸ், தொலைபேசிக்குப் பக்கத்தில் நாயகன் மிஃபுனே. பொறுமையாக இருங்கள். கடத்தியவன் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத பைகளில் பணம் வேண்டும் என்கிறான். ஏன் ஏழு? ரயிலில் தெரியும்.

ஐந்தாவது ஹாங்காங்கின் இன்ஃபெர்னல் அஃபேர்ஸ் (2002). நூறு நிமிடச் சொச்சம், ஒரு கிராம் கொழுப்பு கிடையாது. போலீஸுக்குள் ஒரு ரவுடி, ரவுடிக் கூட்டத்துக்குள் ஒரு போலீஸ். இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரு ஹை-ஃபை கடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பாட்டு கேட்கிறார்கள். இதையே அமெரிக்காவில் தி டிபார்ட்டட் என்று திரும்ப எடுத்து ஆஸ்கர் வாங்கினார்கள். அதில் அந்தக் கடைக் காட்சி இல்லை. எனக்கு அது போதும், எது உசத்தி என்று முடிவு செய்ய.

உங்கள் அம்மா விஷயம். பிளேயரின் ஆடியோ அமைப்பில் டைனமிக் ரேஞ்ச் என்று ஒன்று இருக்கும், சிலவற்றில் நைட் மோட் என்றிருக்கும். அதைப் போட்டால் உரத்த சத்தம் அமுங்கி, பேச்சு மேலே வரும். டிவியின் சொந்த ஸ்பீக்கரில்தான் கேட்கிறீர்கள் என்றால் ஒலியை ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். ஹீட்டுக்கு மட்டும் இதெல்லாம் செய்யாதீர்கள். ஒரு ஞாயிறு மதியம் டிவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை பதில்:

ஆபரேட்டர் ஐயாவின் பட்டியலை ரசித்துப் படித்தேன். ஆனாலும் ஹீட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்று மணி நேரம் ஓடும் படத்தில் பெண்களுக்கு வேலை என்ன? வாசலில் காத்திருப்பது, அழுவது, "நீ வீட்டுக்கே வருவதில்லை" என்பது. அந்த ஆண்கள் இருவரும் தங்கள் தொழில் நேர்த்தியைத் தாங்களே மெச்சிக்கொள்வதை எத்தனை முறை பார்ப்பது?

அதை எடுத்துவிட்டு மெமரீஸ் ஆஃப் மர்டர் (2003) வாங்குங்கள். போங் ஜூன்-ஹோவின் கொரியப் படம். ஹ்வாசாங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நடந்த பெண் கொலைகளிலிருந்து எடுத்தது. ஆரம்பத்தில் ஒரு வயல் காட்சி வரும். பிணம் கிடக்கும் இடத்துக்குள் ஊரே இறங்கி நடக்கிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள், ஆய்வு செய்ய வர வேண்டியவர் வரவில்லை. மண்ணில் ஒரே ஒரு காலடித் தடம் அகப்படுகிறது. துப்பறிவாளர் கத்திக்கொண்டே இருக்க, டிராக்டர் ஒன்று அதன்மேல் ஏறிப் போகிறது. சிரித்துவிடுவீர்கள். கொஞ்ச நேரத்தில் அதே போலீஸ்காரர்கள் மனவளர்ச்சி குன்றிய பையனை அடித்து ஒப்புதல் வாங்குவார்கள், அப்போது சிரித்ததற்குக் கூசும்.

படம் வந்தபோது கொலைகாரன் பிடிபடவில்லை. 2019-ல் மரபணுச் சோதனையில் ஆள் தெரிந்தது. வேறொரு கொலைக்காக ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் இருந்தவன். அந்தக் கொலைகளில் ஒன்றுக்காகச் சுமார் இருபது ஆண்டு சிறையில் கிடந்த ஒருவரை 2020-ல் நீதிமன்றம் குற்றமற்றவர் என்று அறிவித்தது. இதை அறிந்துகொண்டு பார்த்தால் அந்த அடிக்கும் காட்சிகள் இன்னும் தாங்க முடியாதவை. மழை நாட்களில் வானொலியில் நேயர் விருப்பமாக ஒலிக்கும் பாட்டு ஒன்று உண்டு. வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

மாடிவீடு பதில்:

எல்லோருக்கும் நன்றி. நைட் மோட் இருந்தது, போட்டுவிட்டேன். நேற்று அம்மா எழவில்லை. பட்டியல் இப்போதைக்கு: ரிஃபிஃபி, புல்லிட், ஹை அண்ட் லோ, இன்ஃபெர்னல் அஃபேர்ஸ், மெமரீஸ் ஆஃப் மர்டர். ஹீட்டை ஓடிடியில் பார்த்துக்கொள்ளலாமா? மைத்துனர் தன் பங்குக்கு தி பிரெஞ்ச் கனெக்‌ஷனும் கொண்டுவருகிறாராம், பழைய வட்டுக் கடையில் மலிவாகப் பார்த்தாராம்.

பழைய ஆபரேட்டர் பதில்:

வைகைக்கரை அம்மா, பெண்களைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். ஆனால் நான் காதால் தேர்ந்த ஹீட்டை எடுத்துவிடச் சொல்ல வந்து, கடைசியில் நீங்களும் வானொலிப் பாட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்களே!

தம்பி, ஹீட் ஓடிடியில் பாருங்கள், பாதகமில்லை. பிடித்துவிட்டால் அடுத்த முறை வாங்கிக்கொள்ளலாம்.

தி பிரெஞ்ச் கனெக்‌ஷன் (1971) நல்ல தேர்வு. புரூக்ளினில் மேம்பாலத்தில் ரயில் ஓட, அடியில் ஜீன் ஹாக்மன் கார் ஓட்டும் கட்டத்துக்கு இசை கிடையாது, ஹாரன்தான். ஆனால் மைத்துனரிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். 2009-ல் வந்த ப்ளூ-ரேயில் இயக்குநர் ஃபிரீட்கினே நிறங்களைக் கழற்றி வெளிறடித்துவிட்டார். படத்தை ஒளிப்பதிவு செய்த ஓவன் ராய்ஸ்மன் அதைப் பார்த்துக் கொதித்துப்போய் வெளிப்படையாகவே கண்டித்தார். 2012-ல் நிறத்தைச் சரிசெய்து மறுபடி வெளியிட்டார்கள். அட்டையைத் திருப்பி, பின்பக்கம் கீழே பொடி எழுத்தில் உள்ள ஆண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பழையது என்றால் மலிவாக இருந்தாலும் கடையிலேயே இருக்கட்டும்.