புதுப்பிப்பு: லோடர் டிராக்டரில் பின்சக்கரம் தூக்கிய விஷயம்

களத்தில் கொட்டியிருந்த வண்டல் மண்ணை டிராக்டரின் முன்பக்கம் மாட்டிய லோடர் பக்கெட்டில் அள்ளி வயலுக்குக் கொண்டுபோகும்போது, சரிவில் பின்சக்கரம் தூக்கிவிட்டது, பிரேக்கும் பிடிக்கவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். என்ன செய்தேன் என்று கேட்டவர்களுக்கு இது.

காரணம் புரிந்துவிட்டது. ஈரமண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை வரும். சாணி எரு அள்ளிய பழக்கத்தில் பக்கெட்டைக் குவித்து நிரப்பி, வழி தெரியட்டும் என்று உயர்த்தியும் வைத்திருந்தேன். எங்கள் வண்டியில் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான். பின்பக்கம் எடை இல்லாவிட்டால் எவ்வளவு மிதித்தும் பயனில்லை.

இப்போது பின்னால் த்ரீ பாயிண்ட்டில் (கலப்பை மாட்டும் மூன்று கொக்கி இணைப்பு) எடைக்காகக் கான்கிரீட் கட்டை மாட்டியிருக்கிறேன். பக்கெட்டில் முக்கால் பாகம்தான் மண். முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்குவதில்லை. கொட்டும் இடத்துக்கு வந்து நின்ற பிறகுதான் உயர்த்துகிறேன். இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் மிதியையும் சேர்த்துப் பூட்டியாகிவிட்டது. சரிவில் ஏறும்போது முன்கியர், இறங்கும்போது ரிவர்ஸ். பாரம் எப்போதும் மேட்டுப் பக்கமே இருக்கும். முதல் நாள் ரிவர்ஸில் இறங்கக் கழுத்து வலித்தது, ஆனால் சக்கரம் தரையை விட்டு அசையவே இல்லை.

நான் உயர்த்தி வைத்திருந்த பக்கெட்டுக்கு அடியில் தம்பி மகன் போய் மண்ணைச் சுரண்டப் பார்த்தான். கத்தி நிறுத்தினேன். பக்கெட்டைத் தூக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் ஹோஸ் ஒன்று வெடித்தால் போதும், பக்கெட் அப்படியே விழும். பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்த பிறகே யாரும் கிட்ட வரலாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

இன்னும் பாதிக் குவியல் பாக்கி.