கலைச்சொல்: 'அக்கவுண்டபிலிட்டி'க்குக் 'கணக்கொப்புவிப்பு' சரிவருமா?

குழு அன்பர்களுக்குக் காரைக்குடியிலிருந்து வணக்கம்.

தகவல் அமைப்புத் திட்டங்கள் பாடத்துக்குச் சொற்பட்டியல் போடுகிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன். ஒரு திட்டத்தில் எந்த வேலையில் யாருக்கு என்ன பங்கு என்று காட்டும் 'ரேஸி' அட்டவணையில் வந்து மாட்டிக்கொண்டேன். (என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளை அதை 'ராசி அட்டவணை' என்று தட்டச்சு செய்துவிட்டான். மேஷம் ரிஷபம் எந்தக் கட்டத்தில் என்று கேட்டுச் சிரித்தோம்.) ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கட்டம்: ரெஸ்பான்சிபிள், அக்கவுண்டபிள், கன்சல்டட், இன்ஃபார்ம்ட். கடைசி இரண்டுக்கும் கலந்து பேச வேண்டியவர், தகவல் பெற வேண்டியவர் என்று போட்டால் முடிந்தது. முதல் இரண்டுக்கும் நம் பழைய பட்டியலில் 'பொறுப்பாளர்', 'பொறுப்புடையவர்' என்று இருக்கிறது. வேலையைச் செய்கிறவர் ஒருவர், அந்த வேலைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இன்னொருவர் என்பதற்குத்தான் அட்டவணையே. அதில் இரண்டுக்கும் 'பொறுப்பு' என்றால் படிக்கிற பிள்ளை எதை எங்கே எழுதும்?

'அக்கவுண்டபிலிட்டி'க்கு, அதாவது பதில் சொல்லும் கடமைக்கு, இதுவரை வந்த யோசனைகள்:

> பொறுப்புக்கூறல். நாளிதழ்களில் வருகிறது, புதிதாக ஒன்றும் வேண்டாம்.

> உத்தரவாதம். 'உத்தரம்' என்றாலே பதில்தானே?

> பதிற்கடமை.

'உத்தரவாதம்' எனக்கும் ஆசைதான். பழைய வழக்கில் அதன் பொருள் இதுவேதான். பதில் சொல்லக் கடமைப்பட்டவர் உத்தரவாதி. ஆனால் இன்று மிக்சி வாங்கினால் 2 ஆண்டு உத்தரவாதம். கடைக்காரர் தூக்கிக்கொண்டு போய்விட்டார், இனி மீட்க முடியாது. 'பதிற்கடமை' இலக்கணப்படி சுத்தம், வாயில் நிற்கவில்லை.

சொல்லை விட்டுவிட்டுச் சொல்லின் வேலையை முதலில் பார்ப்போம் என்று தோன்றுகிறது. அதற்கு நான் கூச்சத்தோடு சொல்ல வேண்டிய கதை ஒன்று உண்டு.

சில வருஷங்களுக்கு முன், இந்தப் பக்கத்துச் சங்கம் ஒன்றின் கடைகளுக்குச் சரக்கிருப்பு மென்பொருள் செய்த சிறு குழுவில் நானும் இருந்தேன். லாரியில் வந்த சரக்கைக் கருவியில் வரவு வைக்கும்போது நெட் அறுந்து திரும்ப வந்தால், சில சமயம் அதே வரவு இரண்டாம் முறையும் ஏறிவிடும். ஒரு கடையில் சர்க்கரை இரண்டு மூட்டை குறைவு என்று திரை காட்டியது. கடையை நடத்திய அம்மா தன் நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். பென்சிலில், தேதி போட்டு, 'சர்க்கரை வரவு 2 மூட்டை' என்று ஒரே ஒரு வரி. எங்கள் அச்சுத்தாளில் அதே தேதியில் 4. "நோட்டு உங்க கையெழுத்து, இது கம்ப்யூட்டர்" என்றார் அதிகாரி. திட்ட ஆவணத்தில் 'இருப்பு வேறுபாடு – பொறுப்பு: விற்பனையாளர்' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தை நிரப்பியவர்களில் நானும் ஒருத்தி. அந்த அம்மா தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டினார். மறுவாரம் பதிவுகளைத் தோண்டியபோது இரட்டை வரவு கண்ணில் பட்டது. நாலு நொடி இடைவெளியில், ஒரே லாரி எண். மேலதிகாரிகளிடம் சொன்னேன். "அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிரலாம்" என்றார்கள். நான் மேற்கொண்டு பேசவில்லை. பணம் திரும்பிப் போனதா என்றும் கேட்கவில்லை.

இதே கதை இங்கிலாந்தில் பெரிய அளவில் நடந்தது பலருக்கும் தெரிந்திருக்கும். அங்கே அஞ்சல் துறை 1999 முதல் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருளைக் கிளைகளில் வைத்தது. செய்து கொடுத்தது ஃபுஜிட்சு நிறுவனம். கணக்கில் துண்டு விழுந்தால் கிளை நடத்துகிறவர் கைக்காசைப் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்டார்கள். மென்பொருள் பிழையால் துண்டு விழுந்தது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். உதவிக்குத் தொலைபேசியில் அழைத்தவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், "வேறு யாரும் இப்படிச் சொல்லவில்லையே". கணினி சரியாக ஓடியது என்று காட்டினால்தான் அதன் பதிவு சான்றாகும் என்ற பழைய சட்டப்பிரிவும் 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் நீக்கப்பட்டதால், கணினி சரியாகத்தான் ஓடியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது குற்றம்சாட்டப்பட்டவர் பாடு. காட்ட வேண்டிய பதிவேடோ அவர் கையில் இல்லை. கிளைக் கணக்குக்குள் ஃபுஜிட்சு ஆட்கள் தொலைவிலிருந்தே நுழைய முடியும் என்பதை அஞ்சல் துறை வெகுகாலம் மறுத்தது. 2019 டிசம்பரில் தீர்ப்பு எழுதிய நீதிபதி, அஞ்சல் துறையின் பிடிவாதத்தை உலகம் தட்டை என்று சாதிப்பதற்கு ஒப்பிட்டார். 2024இல் தனிச்சட்டம் போட்டுத்தான் தண்டனைகளை மொத்தமாக நீக்கினார்கள்.

அங்கே 'பொறுப்பு' எல்லாக் கட்டத்திலும் இருந்தது, கீழே இருப்பவர் தலையில். இல்லாமல் போனது வேறு. ஏட்டைக் கையில் வைத்திருப்பவர் அதைத் திறந்து, கேட்கிறவர் முன்னால், வரி வரியாகச் சொல்ல வேண்டும் என்கிற கடமை.

அதற்கு நம் ஊரில் பேர் உண்டு. எங்கள் ஐயா பதின்மூன்று வயதில் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். அடுத்தாளாக உயர்ந்து, 1942இல் நடந்தே திரும்பியவர். கடையை நடத்தும் மேலாளுக்கு மூன்று வருஷக் கெடு. கெடு முடிந்தால் அடுத்து வருகிறவரிடம் பேரேடு, பெட்டிச்சாவி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து முதலாளி வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து 'கணக்கு ஒப்புவிக்க' வேண்டும். ஐயா சொல்லக் கேட்டது: முதலாளி கேள்வி கேட்பார், மேலாள் ஏட்டைப் புரட்டி அந்த வரியைக் காட்டுவார். பெட்டியடிப் பையன் காசை எண்ணித் தப்பு விட்டிருந்தாலும் அங்கே உட்கார்ந்து சொல்ல வேண்டியது மேலாள்தான், பையன் இல்லை. 'ரேஸி'யில் அக்கவுண்டபிள் கட்டத்தில் ஒரே ஒரு பேர்தான் இருக்கலாம் என்று விதி வைத்திருக்கிறார்களே, அதுதான் இது.

ஆகவே என் முன்மொழிவு: கணக்கொப்புவிப்பு. கட்டத்துக்குச் 'செய்பவர்', 'ஒப்புவிப்பவர்'. அடித்துத் திருத்துங்கள்.

---

ஆச்சிக்கு வணக்கம். தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். முப்பது வருஷம் வங்கித் தணிக்கையில் கழித்தவன் என்பதால் இரண்டு குறை சொல்ல உரிமை உண்டு.

ஒன்று, 'ஒப்பிக்கிறது' என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு மனப்பாடம். வாத்தியார் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு பொழிகிறது. பொருள் தெரிய வேண்டியதில்லை, பிசகாமல் சொன்னால் போதும். நிறுவனங்கள் விடுகிற அறிக்கைகளைப் பார்த்தால் அந்தப் பொருளும் பொருந்தத்தான் செய்கிறது, அது வேறு விஷயம்.

இரண்டு, நீளம். குழுவில் ஒருவர் தனிமடலில் 'கணக்கொப்பு' என்று சுருக்கலாமே என்றார். கூடாது. கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதைத்தான் அது சொல்லும். இருப்பும் ஏடும் நேர் ஆகிறதா என்கிற ரிகன்சிலியேஷன்.

நான் சொல்வது 'கணக்குக்காட்டல்'. உத்தரமேரூர்க் கல்வெட்டில், பராந்தக சோழன் காலத்தில், வாரியத்தில் இருந்துவிட்டுக் 'கணக்குக் காட்டாதே இருந்தார்' பேரைக் குடவோலையில் எழுதக் கூடாது என்று இருக்கிறது. அவர்கள் சொந்தக்காரர்களுக்கும் தடை. பத்தாம் நூற்றாண்டிலேயே சொல் தயாராக இருக்க, ரங்கூன் வரை போவானேன்?

---

வணக்கம் அக்கா, யாழ்ப்பாணத்திலிருந்து. 'பொறுப்புக்கூறல்' எங்கட பக்கம் வெறும் செய்தித்தாள் சொல் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவில் இருந்து கேட்கிற சொல். அதை எடுத்து ஒரு மென்பொருள் கட்டத்துக்குள் போடுவது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. ஆனாலும் சொல் புழக்கத்தில் இருக்கும்போது இன்னொன்றை ஏன் உருவாக்க வேணும் என்பதே என் கேள்வி.

---

தேவகோட்டை அண்ணனுக்கும் யாழ்ப்பாணத் தம்பிக்கும் நன்றி.

அண்ணன் காட்டிய கல்வெட்டு வரியை இரண்டு நாளாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவே இருக்கட்டும் என்று முடிவு செய்து கோப்பிலும் மாற்றிவிட்டேன். பிறகு காலையில் காய்கறிக் கடையில் ஒருவர் இன்னொருவரிடம், "வேலை எங்க பாத்தான், சும்மா கணக்குக் காட்டிட்டுப் போயிருக்கான்" என்றார். அப்படியே நின்றுவிட்டேன். சோழன் காலத்தில் காட்டாதவனுக்குத் தண்டனை. நம் காலத்தில் காட்டுகிறவன்மேல் சந்தேகம். பேச்சு வழக்கில் 'கணக்குக் காட்டு' என்பது ஒப்புக்குச் செய்வதாக மாறிவிட்டது. தணிக்கைக்காரர் அறியாததா?

'கணக்கொப்பு' கூடாது என்பதில் அண்ணன் கட்சிதான் நானும். ஹொரைசனில் நடந்ததே அந்தக் குழப்பம். கணக்கு நேர் ஆகவில்லை என்று திரை சொன்னதும் ஆள் களவாடினார் என்று முடிவு கட்டினார்கள். நேர் ஆவது வேறு, ஒப்புவிப்பது வேறு. எங்கள் சங்கத்துக் கடையிலும் கடைசியில் இருப்பு நேர் ஆனது. அந்த அம்மாவின் தோட்டில்.

மனப்பாடப் பொருள் வரும் என்பது உண்மையான குறை. அதனால்தான் 'ஒப்பிப்பு' என்று போடாமல் 'வி'யைக் காப்பாற்றி 'ஒப்புவிப்பு' என்று வைத்தேன். ஒப்புவித்தல் என்றால் கையில் கொடுத்தல், கேட்பவரை ஏற்கச் செய்தல். முன்னால் 'கணக்கு' நிற்பதால் வாய்ப்பாடு ஞாபகம் வராது என்று நம்புகிறேன். வந்தால் வரட்டும்.

தம்பிக்கு: அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவைக்கத்தான் எனக்கும் மனசு. அதோடு 'கூறல்' என்பதில் சொல்கிறவர் மட்டும் இருக்கிறார். ஒப்புவிப்பதற்கு எதிரே ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்த ஆளுக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று இப்போது படுகிறது. மூல அட்டவணையில் அது கிடையாது. தகவல் சொல்லப்படுகிறவர் உண்டு, கேள்வி கேட்கிறவர் இல்லை. எனவே பாடத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்க்கிறேன்: 'கேட்பவர்'. பெயருக்கு எதிரே, அவர் எந்தெந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம் என்ற குறிப்பும். அப்படி ஒரு கட்டம் அன்றைக்கு இருந்திருந்தால் அதில் பென்சில் நோட்டுக்கார அம்மாவின் பேர் வந்திருக்கும், பதிவுகளைப் புரட்டிக் காட்ட வேண்டியவள் நானாக இருந்திருப்பேன்.

நீளம் பற்றிய புகாருக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. கைப்பேசித் திரையில் 'கணக்கொப்புவிப்பு' பாதியில் முறிந்து 'கணக்கொப்பு' என்றே நிற்கிறது! எழுத்துரு அளவைக் குறைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. பட்டியலை வெள்ளிக்கிழமை அச்சுக்கு அனுப்புகிறேன். அதற்குள் குறுஞ்சொல் யாருக்காவது தட்டுப்பட்டால் எழுதுங்கள்.