கடை போனுக்கு வரும் விற்பனைக் கோல்கள்: கேட்பதா, வைப்பதா?

வாவிக்கரை ஹார்ட்வெயார் (மட்டக்களப்பு)

கடை வைத்திருப்பவர்களிடமும் ஒபிஸ் நடத்துபவர்களிடமும் ஒரு கேள்வி.

எனக்கு வியாபாரம் என்று ஒன்று நடப்பதே காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில்தான். வேலை தொடங்கிய பிறகுதான் மேசன்மாருக்கு என்ன குறைகிறது என்று தெரியும். அப்போதுதான் ஆள் அனுப்புவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கடை போன் அடிக்கிறது. 011இல் தொடங்கும் கொழும்பு இலக்கம்.

நேற்றும் ஒருவர் கோல் எடுத்தார். நான் தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருக்கிறேன், போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில். "சேர், ஒரு நிமிஷம்தான்." சரி சொல்லுங்கள் என்றேன். 2024 ஜனவரியோடு வற் (பெறுமதி சேர் வரி) 18 சதவீதம் ஆகிவிட்டது, இனி கம்ப்யூட்டர் பில் இல்லாத கடைகளை இறைவரித் திணைக்களம் பூட்டும், தங்கள் பில் சிஸ்டத்தை மாத முடிவுக்குள் எடுத்தால் பாதி விலை என்றார். வேண்டாம் தம்பி என்றேன். "ஏன் சேர் வேண்டாம்? காரணத்தைச் சொல்லுங்க" என்கிறார். என் கடைக்கு ஒரு சாமான் வாங்காததற்கு நான் இவருக்கு விளக்கம் கொடுக்க வேண்டுமா? முன்னால் நின்ற பொடியன் "நாளைக்கு வாறன்" என்று இறங்கிப் போனான். எங்கே போனான் என்று எனக்குத் தெரியும், எதிர்க்கடைக்கு.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வீடு கட்டுகிறவர்களே குறைந்துபோனார்கள். சுவரை எழுப்பிவிட்டுக் கூரை போடாமல் நிற்கிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. வருகிற நாலு பேரையும் போன் கோலுக்காக விட முடியாது. கடையில் நிற்கிற பையனிடம் சொல்லிவிட்டேன்: விற்பனை என்று தெரிந்தால் ஒரு வார்த்தையும் பேசாதே, வை. மனைவி அது மரியாதை இல்லை என்கிறாள். நீங்கள் எப்படி?

ஒருவரி (ஏறாவூர்)

ட்ரூகோலர் போடுங்கள், யார் என்று காட்டும், முடிந்தது.

வாவிக்கரை ஹார்ட்வெயார்

லேண்ட்லைனுக்கு எங்கே போடுவது தம்பி? 065 இலக்கம் அது. போர்டிலும் பில் புத்தகத்திலும் அதுதான் அச்சடித்துக் கிடக்கிறது.

ரார்கெட் தம்பி (கல்முனை)

அண்ணன், நான் அந்தப் பக்கத்து ஆள். ஒரு பைனான்ஸ் கம்பனியின் கிளையில் போன் எடுக்கிற வேலை. கம்பனி பெயர் வேண்டாம்.

எங்களுக்குக் காலையில் ஒரு தாள் தருவார்கள். கடைப் பெயர், இலக்கம், பக்கத்தில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் எழுத மூன்றே பதில்தான்: எடுக்கவில்லை, பிறகு எடுக்கவும், விருப்பமில்லை. நீங்கள் பேசாமல் வைத்தால் அது "எடுக்கவில்லை". "இப்ப பிஸி, மறுகா எடுங்க" என்றால் அது "பிறகு". இந்த இரண்டும் அடுத்த தாளில் திரும்ப வரும். நான் வேண்டுமென்று உங்களைத் துரத்தவில்லை, தாள் துரத்துகிறது. ஒரே தடவையில் "எனக்குத் தேவையில்லை, இலக்கத்தை எடுத்துவிடுங்கள்" என்று சொல்கிற ஆட்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. எல்லாரும் முகம் முறியக்கூடாது என்று "பார்ப்போம்" என்பார்கள். அந்தப் "பார்ப்போம்" இருக்கிற வரைக்கும் எனக்கு வேலை இருக்கிறது.

வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். லீசிங்கை, அதாவது தவணைக்கு வாகனம் கொடுப்பதை, நம்பி இருந்த கிளைகள் அதோடு படுத்துவிட்டன. பிறகு நிலையான வைப்பு விற்கச் சொன்னார்கள். இப்போது தங்க நகைக் கடன். அடிப்படைச் சம்பளம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரி, மிச்சமெல்லாம் கொமிஷன். 2022இல் மட்டும் 3 லட்சம் பேருக்கு மேல் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். போக வழி இல்லாதவன்தான் உங்களுக்குக் கோல் எடுக்கிறான். பேசாமல் வைப்பது ஒன்றும் வீரமில்லை.

வாவிக்கரை ஹார்ட்வெயார்

தம்பி, உங்கள் பாடு விளங்குகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். தாள் முழுக்க "விருப்பமில்லை" என்று எழுதிக் கொடுத்தால் உங்கள் சூப்பர்வைசர் என்ன சொல்வார்?

ரார்கெட் தம்பி

ஏசுவார். "நீ சரியாப் பேசல்ல, அதான்" என்பார்.

வாவிக்கரை ஹார்ட்வெயார்

அப்போ நான் நேராகச் சொன்னாலும் நீங்கள் "பிறகு" என்றுதான் எழுதுவீர்கள். நேற்று வந்தவருக்கு வேண்டாம் என்று வாயைத் திறந்துதான் சொன்னேன். இன்றைக்கு வேறு இலக்கத்தில் இருந்து ஒரு பெண் பிள்ளை, அதே பில் சிஸ்டம், அதே "ஒரு நிமிஷம்".

ரார்கெட் தம்பி

சிலர் அப்படி எழுதுவார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். நான் எழுதுவதில்லை. வாங்காத ஆளுக்குத் திரும்பத் திரும்ப எடுப்பதில் எனக்குத்தான் நேரம் வீண், கொமிஷனும் இல்லை.

பேரேடு (காத்தான்குடி)

கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் அந்த "பூட்டுவார்கள்" கதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் வற் 15இலிருந்து 18 ஆனது உண்மை. அப்போது பதிவு எல்லையும் வருடத்துக்கு 8 கோடி ரூபாயிலிருந்து 6 கோடிக்கு இறங்கியது. உங்கள் வரிக்குரிய விற்பனை நடைமுறையில் இருக்கிற எல்லைக்குக் கீழே என்றால் வற் பதிவு கட்டாயமே இல்லை. மேலே என்றால் பதிய வேண்டும். குறிப்பிட்ட ஒரு மென்பொருள் இல்லாததற்காக யாரும் வந்து கடைக்குப் பூட்டுப் போடமாட்டார்கள்.

2022இலிருந்து இரண்டு வருடத்தில் அரசாங்கம் மாற்றாத விதி இல்லை. 2022 ஜூனில் வற் 8இலிருந்து 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. நடுவில் மின்சார பில் எத்தனை தரம் ஏறியது. யாருக்கும் எது நடைமுறையில் இருக்கிறது என்று நிச்சயமில்லை. அந்தக் குழப்பத்தைத்தான் போனில் விற்கிறார்கள். ஒருவர் சட்டத்தைக் காட்டி அவசரப்படுத்தினால் நான் கேட்பது ஒன்றுதான்: "அந்த வர்த்தமானி அறிவித்தல் இலக்கத்தை வட்ஸ்அப்பில் போடுங்கள்." இதுவரை ஒருவரும் போடவில்லை.

அப்புறம், வங்கி, நிதிக் கம்பனி, லீசிங் ஆட்களின் தொல்லை என்றால் மத்திய வங்கியின் 1935க்கு அடிக்கலாம். நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் 2023 ஆகஸ்டில் வர்த்தமானியில் வந்துவிட்டன. காப்புறுதிக்காரர் அதில் வரமாட்டார். அதற்கு வேறு ஆணைக்குழு.

ஒருவரி

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்ததே?

பேரேடு

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். விளம்பரச் செய்தி அனுப்பச் சம்மதம் வாங்க வேண்டும், வேண்டாம் என்றால் நிறுத்தச் செலவில்லாத வழி வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 2024 வரை முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. அதை நம்பி, கோல் தானாக நிற்கும் என்று இருக்காதீர்கள்.

மில்லடி (சம்மாந்துறை)

நான் எல்லாருக்கும் மாறாகச் சொல்லப் போகிறேன். வருகிற கோல் எல்லாவற்றையும் நான் கேட்பேன்.

2022 மார்ச்சில் டொலர் விலையைச் சந்தைக்கே விட்டபோது அது 200 சொச்சம் ரூபாயில் இருந்தது, மே மாதம் 360. எங்கள் மில்லுக்கு ரப்பர் ரோலர் இல்லாமல் ஒரு மூடை நெல்லும் குத்த முடியாது. அது இறக்குமதிச் சாமான். அந்த மார்ச்சில் முன்பின் தெரியாத ஒருவன் கொழும்பில் இருந்து எடுத்தான். "காக்கா, கையிருப்புல கொஞ்சம் கிடக்கு, இண்டைக்குச் சொன்னா இண்டைய விலை, நாளைக்கு எனக்கே தெரியாது." அரை மணித்தியாலம் பேசினான், தலையிடி. ஆனால் எடுத்தேன். அந்தப் போகம் முழுக்க மில் ஓடியதே அதனால்தான். பக்கத்து மில்காரர் போனை வைத்தவர், மறுகா இரண்டு மடங்கு கொடுத்து வாங்கினார்.

விலை நாளுக்கு நாள் ஏறுகிற காலத்தில் சந்தை என்ன சொல்கிறது என்று வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறவன் இந்த விற்பனை ரெப்தான். காசு கொடுக்காமல் கேட்கலாம்.

வாவிக்கரை ஹார்ட்வெயார்

காக்கா, அது ரோலர். உங்களுக்குத் தேவையான சாமான். எனக்கும் சீமெந்து ரெப் எடுத்தால் நான் தராசை விட்டுவிட்டுப் பேசுவேன். நான் சொல்வது பில் சிஸ்டம், பிள்ளைகளின் பெயரில் காப்புறுதி, வெப்சைட் செய்து தருகிறோம் என்கிற ஆட்களை.

மில்லடி

முதல் வார்த்தையிலேயே எது ரோலர், எது வெப்சைட் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் மனே? பேசாமல் வை என்றுதானே பையனுக்குச் சொல்லி வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், எல்லா ரெப்பையும் நான் நம்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது போத்தலில் திரவ உரம் விற்க எடுத்தவர்களையும் கேட்டேன். கேட்டேன், வாங்கவில்லை. கேட்பது வேறு, வாங்குவது வேறு.

முன்மேசை (கல்லடி)

இவ்வளவு நேரமும் முதலாளிமார்தான் பேசுகிறீர்கள். போனை எடுக்கிறவள் நான். ஒரு தனியார் மருத்துவ ஆய்வுகூடத்தில் முன்மேசையில் இருக்கிறேன்.

எங்கள் சேருக்கு விற்பனைக் கோல் என்றால் பயம். "நான் கொழும்புக்குப் போயிட்டேன் எண்டு சொல்லு மிஸ்" என்பார். சொல்வேன். பின்னால் நின்று அவர் யாருக்கோ சத்தமாகச் சிரிப்பார், அது போனில் அப்படியே கேட்கும். "சேர் கொழும்புல இருந்து நல்லாச் சிரிக்கிறார் போல மிஸ்" என்று ஒரு பையன் சொன்னான். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பொய் அவருடையது, வெட்கம் என்னுடையது.

அதைவிடப் பெரிய விஷயம், எங்களுக்கு இருப்பது ஒரே லைன். விற்பனைக்காரர் ஒருவர் "சேர் எப்ப வருவார், சேரின்ட மொபைல் நம்பரைத் தாங்க, நீங்களாவது ஒருக்காக் கேளுங்க" என்று இழுத்துக்கொண்டிருந்தபோது வாழைச்சேனையில் இருந்து ஒரு அம்மா இரத்தச் சீனி ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்க முயன்றிருக்கிறார். லைன் கிடைக்காமல் பஸ் ஏறி வந்துவிட்டார். ரிப்போர்ட் அடுத்த நாள்தான். அந்த வெயிலில், அந்தப் பஸ் காசில்.

அதனால் வைப்பதா கேட்பதா என்பது எனக்கு மரியாதைப் பிரச்சினை இல்லை. என் கையில் அதிகாரம் ஒன்றும் இல்லாமல் என்னை முன்னால் நிறுத்திவிட்டு நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள், அதுதான் பிரச்சினை.

மில்லடி

மகள், அது பெரிய அநியாயம். அந்தச் சேர் ஒரு தரம் தானே போனை எடுத்து வேண்டாம் என்று சொன்னால் என்னவாம்?

முன்மேசை

சொன்னால் எனக்கு வேலை பாதி. கடைசியில் நானே ஒரு துண்டு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். நாங்கள் வெளியில் வாங்குவது இன்னின்ன: பரிசோதனை இரசாயனம், ஊசி, கையுறை, பிரிண்டர் மை. இவற்றை விற்பவர் கொட்டேஷனை வட்ஸ்அப்பில் அனுப்பலாம், புதன் பின்னேரம் சேர் பார்ப்பார், வேண்டுமென்றால் அவரே எடுப்பார். துண்டில் இல்லாத சாமான் என்றால் "நாங்கள் எடுப்பதில்லை, இலக்கத்தை நீக்கிவிடுங்கள்" என்று சொல்லி வைப்பேன். "ஏன்" என்று கேட்டால் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. இதைச் சொல்லும்போது பெரிய நிம்மதி.

கோல் குறைந்ததா என்றால், கொஞ்சம். பொய் சொல்வது நின்றுவிட்டது.

ரார்கெட் தம்பி

அக்கா மாதிரி நாலு பேர் இருந்தால் எங்களுக்கும் லேசு. வட்ஸ்அப் இலக்கம் கிடைத்தால் சூப்பர்வைசருக்குக் காட்ட ஏதோ ஒன்று இருக்கும்.

ஒன்றை மட்டும் எல்லாருக்கும் சொல்கிறேன். எங்கள் கிளையில் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்த நெருக்கடியில் கடைக்காரர்களுக்கு இருக்கிற எரிச்சல் எல்லாம் அவர்களுடைய காதில்தான் இறங்குகிறது. எங்கள் வீட்டில் யாரும் பேசாத வார்த்தைகள். வையுங்கள், பரவாயில்லை. ஏசிவிட்டு வைக்காதீர்கள்.

பேரேடு

அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் தம்பி, உங்கள் பக்கத்திலும் ஒன்று. "உங்களுக்கு ஏதும் நடந்தா பிள்ளைகள் என்ன செய்யும் சேர்" என்று தொடங்குகிற அந்தக் காப்புறுதிப் பேச்சை யார் எழுதிக் கொடுத்தார்கள்? இந்தக் கரையில் சுனாமியையும் யுத்தத்தையும் பார்க்காத வீடு எது? என்னிடம் கணக்கு எழுதக் கொடுக்கும் ஒருவர் அந்தக் கேள்வி கோலில் வந்த அன்றைக்குக் கடையைத் திறக்கவே இல்லை.

ரார்கெட் தம்பி

தலைமைக் கந்தோரில் இருந்து சிங்களத்தில் வரும், இங்கே தமிழாக்கித் தருவார்கள். நான் காப்புறுதி விற்பதில்லை. விற்றாலும் அதை வாசிக்கமாட்டேன்.

வாவிக்கரை ஹார்ட்வெயார்

சரி, தங்கச்சி சொன்ன துண்டை நானும் ஒட்டுகிறேன். சீமெந்து, கம்பி, பெயின்ட், பைப் ரெப்மாருக்கு மத்தியானத்துக்குப் பிறகு நேரம். காக்காவுக்காக இன்னொரு வரியும் சேர்க்கிறேன்: விலை ஏறப்போகிறது என்று யார் சொன்னாலும் என்னைக் கூப்பிடு. மற்ற யாராக இருந்தாலும் பையன் "தேவையில்லை, நீக்கிவிடுங்கள்" என்று ஒரு தரம் சொல்வான். ஆனால் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் அதுவும் இல்லை. அந்த நேரம் யார் எடுத்தாலும் வைப்புத்தான். மனைவி கோபித்தாலும் சரி.

ரார்கெட் தம்பி

அது எங்கள் தாளில் "எடுக்கவில்லை" என்றுதான் போகும் அண்ணன். பின்னேரம் திரும்ப வருவோம்.

வாவிக்கரை ஹார்ட்வெயார்

தாராளமாக வாருங்கள். பின்னேரம் கல்லாவில் என் மச்சான் இருப்பான். போன மாதம்தான் காப்புறுதி ஏஜென்ட் வேலைக்குச் சேர்ந்தவன், ஆள் கிடைக்காமல் திரிகிறான்.