இறக்கத்துல பெட்ரோல் கட் ஆனா இஞ்சினுக்குக் கேடா?

பவானிக்கரை: திம்பத்துல இருந்து பண்ணாரிக்கு 27 கொண்டை ஊசி வளைவு. ரெண்டாவது கியர்ல ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினா இன்ஜெக்டர் (இஞ்சினுக்குள்ள பெட்ரோல் தெளிக்கற பாகம்) பெட்ரோலையே நிறுத்திருதாமா. எரியாம சுத்தற இஞ்சின்ல ஆயில் ஏறாம பிஸ்டன் தேஞ்சிராதுங்களா? நியூட்ரலே தேவலைங்க.

பட்டறைக்காரன்: ஆயில் பம்பைச் சுத்தறது கிராங்க்ஷாஃப்டுங்க, பெட்ரோல் இல்ல. கியர்ல இருக்கற வரைக்கும் சக்கரமே இஞ்சினைச் சுத்தும், ஆயிலும் ஏறும். சொல்லப்போனா நியூட்ரல்ல, 800 ஆர்பிஎம்லதான் (நிமிஷத்துக்கு 800 சுத்து) ஆயில் பிரஷர் கம்மி. த்ராட்டில் மூடி, இஞ்சின் சூடாகி, ஆர்பிஎம் சுமார் 1500க்கு மேல இருந்தாத்தான் ஈசியூ (இஞ்சினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கட் பண்ணும். 1000-1200 பக்கம் இறங்குனா தானா தெளிக்க ஆரம்பிச்சிரும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். நியூட்ரல்ல பெட்ரோலும் செலவு, பாரம் முழுக்க பிரேக் மேல. பிரேக் ஆயில் கொதிச்சா பெடல் அடி வரைக்கும் போயிரும்.

கொடுமுடி80: கேடே இல்லைன்னு அடிச்சுப் பேசாதீங்கண்ணா. த்ராட்டில் மூடி வேகமா சுத்தறப்ப மேனிஃபோல்டுல (இஞ்சினுக்குக் காத்துப் போற குழாய்) இழுப்பு பலமா இருக்கும். வால்வு சீல் (வால்வு வழியா ஆயில் ஒழுகாம தடுக்கற ரப்பர்) போன வண்டின்னா ஆயிலை உள்ள இழுத்துரும். திரும்ப மிதிக்கறப்ப நீலப்புகை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் (புகையைச் சுத்தம் பண்ற பாகம்) வெறுங்காத்துப் போகுது.

பட்டறைக்காரன்: சீல் முன்னயே போனதுங்க, புகை அதைக் காட்டிக் குடுக்குது. பெட்ரோல் ஊத்தினாலும் அதே இழுப்புதான். கன்வெர்ட்டரைக் கெடுக்கறது எரியாத பெட்ரோல், வெறுங்காத்து இல்ல. கார்புரேட்டர் அம்பாசிடர்ல ஓட்டத்துலயே சாவியை ஆஃப் பண்ணுனா சைலன்சர் டப்புனு வெடிக்கும்: ஸ்பார்க் இல்ல, கார்புரேட்டரோட ஜெட்டுங்கற சின்னத் துளை வழியா பெட்ரோல் வந்துட்டே இருக்கும். எந்த வண்டியா இருந்தாலும் இறக்கத்துல சாவியைத் தொடாதீங்க. நியூட்ரல்ல இஞ்சின் நின்னுச்சுன்னா பிரேக் பூஸ்டர்ல (பிரேக் மிதியை லேசாக்கற பாகம்) ரெண்டு மூணு மிதிக்குத்தான் வேக்கம் (வெற்றிட இழுப்பு) மிஞ்சும். சாவியை உருவுனா ஸ்டியரிங்கே பூட்டிக்கும்.

பவானிக்கரை: டீசல் காமன் ரெயில் (உயர் அழுத்தத்துல டீசல் தெளிக்கற) இஞ்சினுக்கு? அந்தப் பம்பு தேயாம காக்கற ஆயிலே டீசல்தானே, கட் ஆனா?

பட்டறைக்காரன்: நிக்கறது இன்ஜெக்டர் மட்டும். பம்பு வழியா டீசல் ஓடிட்டேதான் இருக்கும், மிச்சம் ரிட்டர்ன்ல டேங்குக்குப் போயிரும். டேங்க் வறண்டு காத்து ஏறுச்சுன்னாத்தான் பம்பு உரசிப் போகும்.

கொடுமுடி80: பைபாஸ்ல 100ல போறப்ப அஞ்சுல இருந்து நாலுக்குத் தள்றது தவறி ரெண்டுல விழுந்தா? அப்பவும் ஈசியூ கட்தான் பண்ணும். ஆனா சக்கரம் இஞ்சினை ரெட்லைன் (இஞ்சின் சுத்தலாம்ங்கற உச்ச வரம்பு) தாண்டி இழுத்துட்டுப் போயிரும், வால்வு பிஸ்டன்ல இடிச்சு வளையும்.

பட்டறைக்காரன்: அதுக்கு மறுப்பே இல்லீங்க. உடனே கிளச்சை மிதிக்கணும், வேற வழி கிடையாது. திம்பத்துல அந்தப் பயம் வேண்டாம். வளைவுக்கு முன்னயே பிரேக் போட்டு வேகம் குறைச்சு, ரெண்டுல போட்டு கிளச்சை முழுசா விட்டு இறங்குங்க.

கொடுமுடி80: பழைய வண்டின்னா இறங்குன பின்னாடி டிப் ஸ்டிக்கையும் (இஞ்சின் ஆயில் அளவு பாக்கற கம்பி) ஒருக்கா உருவிப் பாத்துருங்க.