‘பல்லிருக்கை’ வேண்டாம்: கையிணையும் பலவிருக்கையும்

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அண்ணாச்சிக்கு வணக்கம். நம் கணினிக் கலைச்சொல் பட்டியலுக்கு நீங்கள் எழுதியது:

> ஒரு கணினியில் பல விசைப்பலகையும் பல சுட்டியும் பொருத்தி ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வதற்குப் ‘பல்லிருக்கை’ என்று சொல் வைக்கலாம்.

வாசிக்கும்போதே தடுக்குகிறது. கண் முதலில் ‘பல்லி’யைப் பிடிக்கும். பிரித்து எழுதினால் பல் மருத்துவரின் நாற்காலி ஆகிவிடும். ‘பல்’ மெல்லினத்துக்கு முன் பன்மொழி, பன்முகம் என்று அழகாக ஒட்டும். உயிருக்கு முன் லகரம் இரட்டித்து இப்படி மாட்டிக்கொள்ளும். ‘பல’ என்பதையே எடுத்தால் வகரம் உடம்படுமெய்யாக வந்து ‘பலவிருக்கை’. பள்ளிப் பிள்ளையும் தட்டாமல் வாசிக்கும்.

ஓசைக் குறை சிறியது. இரண்டு வேறு ஏற்பாடுகளை ஒரே சொல்லுக்குள் அடைப்பதுதான் பெரிய குறை. ஒரே திரை, ஒரே பணிமேடை, அதில் இரண்டு மூன்று சுட்டுமுனைகள் என்பது ஒன்று. ஒரே பெட்டி, ஆனால் ஆளுக்கொரு திரை, தனி நுழைவு, தனிக் கோப்புகள் என்பது இன்னொன்று. வயக்காட்டுப் பேச்சில் சொன்னால், ஒரே வயலில் இரண்டு ஏர் ஓடுவது முதலாவது. ஒரே குளத்துத் தண்ணீர் இரண்டு மடை வழியாக இரண்டு வயலுக்குப் பாய்வது அடுத்தது.

ஆங்கிலத்தில் ‘சீட்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் ஓடுகிறது. லினக்ஸில் நுழைவையும் அமர்வையும் கவனிக்கும் நிரலான சிஸ்டம்டியின் லாகின்டியில் சீட் என்றால் வரைகலை அட்டையும் சேர்ந்த வன்பொருள் தொகுதி. திரையில் சாளரங்களைக் காட்டுவதற்கான புதிய நெறிமுறையான வேலண்டில் சீட் என்றால் சுட்டி, விசைப்பலகை, தொடுதிரை ஆகிய உள்ளீட்டுக் கருவிகளின் கூட்டு மட்டுமே. ‘இருக்கை’ என்று இரண்டையும் பெயர்த்தால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்துப் பெயர்த்தவர்களாவோம்.

ஆகவே லாகின்டி பொருளுக்கு இருக்கை, பலவிருக்கை. வேலண்டு பொருளுக்கும், அதே வேலைக்கான பழைய ஏற்பாடான எக்ஸ் வழங்கியில் சோடியாக வரும் முதன்மைச் சுட்டுமுனைக்கும் முதன்மை விசைப்பலகைக்கும் சேர்த்து ‘கையிணை’ என்று முன்மொழிகிறேன். அடியிணை, தாளிணை என்று நம் வாய்க்குப் பழகிய அமைப்புதான். சுட்டி என்பது கையில் பிடிக்கும் கருவி, சுட்டுமுனை என்பது திரையில் நகரும் அம்பு என்பதையும் இப்போதே பிரித்து வைத்துவிடுவோம்.

சொல் வேலைக்கு ஆகுமா என்று செய்முறையில் வைத்துப் பார்த்தேன். ஒரே திரையில் பல சுட்டுமுனைகளை இயக்கப் பீட்டர் ஹட்டரர் உருவாக்கிய எம்பிஎக்ஸ், 2009-இல் எக்ஸ் வழங்கி 1.7-உடன் எக்ஸ்இன்புட் 2 நெறிமுறையாக வந்தது. அது இல்லாத நிலையில் இரண்டு சுட்டி செருகினாலும் ஒரே அம்புதான் இரண்டு பக்கமும் இழுபடும். எக்ஸ்இன்புட் கட்டளையைப் பட்டியல் கேட்டு ஓட்டினால், தொடக்கக் கையிணை எண் 2, 3 என்று தெரியும். செருகிய கருவிகள் அதன்கீழ் வரிசையாக இருக்கும். ‘கிரியேட்-மாஸ்டர்’ என்று ஒரு பெயரோடு கொடுத்தால் புதுக் கையிணை பிறக்கும். பட்டியலில் நான்கு வரி கூடும்: சுட்டுமுனை, விசைப்பலகை, இரண்டுக்கும் ஒவ்வொரு சோதனைக் கருவி. பிறகு ‘ரீஅட்டாச்’: இரண்டாம் சுட்டியைப் புதுச் சுட்டுமுனைக்கும், இரண்டாம் விசைப்பலகையைப் புது விசைப்பலகைக்கும் மாற்றிக் கட்ட வேண்டும். மாட்டை அவிழ்த்து வேறு முளையில் கட்டுவது போலத்தான். ஆகவே ‘அட்டாச்’ கட்டு, ‘ரீஅட்டாச்’ மாற்றிக் கட்டு, ‘ஃபுளோட்’ அவிழ். எதிலும் கட்டாமல் நிற்பது ‘அவிழ்ந்த கருவி’. ‘மாஸ்டர், ஸ்லேவ்’ என்பதை ஆண்டான், அடிமை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முதன்மை, கட்டிய கருவி போதும்.

—

பாளையங்கோட்டையிலிருந்து:

தம்பி, பலவிருக்கை சரி, என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். கையிணையில் இரண்டு ஐயம்.

விசைப்பலகை இல்லாமல் ஒருவர் சுட்டியை மட்டும் வைத்திருந்தால் அது எப்படி இணை? இது முதலாவது. இரண்டாவது, உங்கள் சொல்லைப் பன்மையாக்கினால் ‘பலகையிணை’. விசைப்பலகைப் பேச்சின் நடுவில் அதைப் பலகை + இணை என்றுதான் எவரும் பிரிப்பார்கள். பல்லியிடமிருந்து தப்பிப் பலகையில் முட்டிக்கொண்டோம்.

செய்முறைக் குறிப்பில் சிலவற்றையும் சேர்த்துவிடுங்கள். கருவி எண்ணை நம்பி எழுதக்கூடாது. கழற்றிச் செருகினால் எண் மாறும், கருவியும் தொடக்கக் கையிணைக்கே போய்விடும். பெயரைக் கொடுப்பது மேல். ஆனால் கம்பியில்லா ஏற்பி ஒன்றே சுட்டியாகவும் விசைப்பலகையாகவும் ஒரே பெயரில் இரண்டு வரியாக நிற்கும். பெயருக்கு முன்னால் ‘பாயின்டர்’ அல்லது ‘கீபோர்டு’ என்று முக்காற்புள்ளியோடு போட்டால்தான் பிரியும். ஒரே மாதிரிச் சுட்டி இரண்டு வாங்கினால் அதுவும் பலிக்காது. வேலண்டில் ஓடும் சாளர மேலாளரான ஸ்வேயும் கருவியை நிறுவன எண், பொருள் எண், பெயர் கொண்டே அடையாளம் காண்பதால் அங்கேயும் அதே சிக்கல். பள்ளிக்கு வாங்குகிறவர்களிடம் வேறு வேறு வகை வாங்கச் சொல்லுங்கள்.

அமர்வு முடிந்தால் புதுக் கையிணை அழிந்துவிடும். நுழையும்போது ஓடும் நிரலில் கட்டளைகளை எழுதி வைக்க வேண்டும். பலவிருக்கை அப்படியல்ல. லாகின்டிக்கு உரிய கட்டளையான லாகின்சிடிஎல் வழியாக ஒட்டினால், கருவிகளைக் கவனிக்கும் யுடெவ் நிரலின் விதியாக எழுதப்பட்டு நிலைத்து நிற்கும். ஆனால் அதற்கு இருக்கைக்கு ஒரு வரைகலை அட்டை வேண்டும். ஒரே அட்டையின் இரண்டு துளையில் இரண்டு திரை மாட்டி, இரண்டு இருக்கை ஆகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய.

—

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அண்ணாச்சி, முதல் ஐயத்துக்கு எக்ஸ் வழங்கியே விடை வைத்திருக்கிறது. முதன்மைக் கருவியைத் தனியாகப் பிறப்பிக்கவே முடியாது. சுட்டுமுனையும் விசைப்பலகையும் எப்போதும் சோடியாகத்தான் வரும். கருவி கட்டாவிட்டாலும் சோடி நிற்கும். வேலண்டில் தொடுதிரை மட்டும் உள்ள கூட்டும் உண்டு, அங்கே சொல் கொஞ்சம் தளரும். ஆனாலும் ஒருவர் கைக்குரியது என்ற பொருள் கெடவில்லை.

இரண்டாவது சரியான பிடி. பல்கலை, பல்சுவை போலப் ‘பல்கையிணை’ என்று எழுதுவோம். வல்லினத்துக்கு முன் லகரம் கெடாமல் நிற்பது இன்று வழக்கில் உள்ளதுதான்.

தமிழ் தட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எக்ஸில் ஒவ்வொரு விசைப்பலகைக்கும் தனித் தளக்கோலம், அதாவது விசை அமைப்பு, வைக்கலாம். ஒருவர் தமிழ்99-இலும் அடுத்தவர் ஆங்கிலத்திலும் ஒரே நேரத்தில் தட்டுவது நடக்கிற காரியம். ஐபஸ் என்ற உள்ளீட்டு முறை நிரல் வழியாகத் தட்டினால் நடக்காது. எழுத்து எந்த விசைப்பலகையிலிருந்து வந்தது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை, ஒருவர் மாற்றினால் அடுத்தவருக்கும் மாறும். மெய்யெழுத்துக்குப் பின் உயிரைத் தட்டி உயிர்மெய் ஆக்கும் தமிழ்99 விதியோ ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறையில்தான் முழுதாகக் கிடைக்கும். பல்கையிணையில் தமிழுக்கு உள்ள உண்மையான முட்டுக்கட்டை இதுதான்.

மிச்சம் ஒரு சொல். பழைய செயலிகள் ‘அம்பு எங்கே இருக்கிறது’ என்று கேட்கும்போது, எந்த அம்பு என்று கேட்கத் தெரியாது. வழங்கி அதற்கென ஒரு சுட்டுமுனையைக் குறித்து வைத்து அதன் இடத்தைப் பதிலாகத் தரும். தவறான முனை குறிக்கப்பட்டால், ஒருவர் சொடுக்க அடுத்தவர் அம்பின் பக்கத்தில் பட்டியல் விரியும். ‘கிளையன்ட் பாயின்டர்’ என்ற இதற்குப் ‘பொறுப்புமுனை’ எப்படி?

—

பாளையங்கோட்டையிலிருந்து:

பொறுப்புமுனை நிற்கும். பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.