கொக்கு எண்டு தேடினா ஒண்டும் வரேல்ல

சாம்பல்நாரை (வெள்ளவத்தை)
குருவி பாக்கிற எங்கட குழுவுக்குத் தமிழில ஒரு வெப்சைட் செய்தம், அதில நடந்த ஒண்டு இன்னும் மனசுக்குள்ள கிடந்து அரிக்குது, அதான் எழுதுறன். குழுவில ஒரு அங்கிள் இருக்கிறார், ரிட்டயர்ட் வாத்தியார், எழுபது தாண்டீட்டுது. வருசக்கணக்காப் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சு அடிச்சுச் சேர்த்த குருவிப் பட்டியல் அவரிட்ட இருந்தது, என்னத்த எங்க எந்த மாசம் கண்டது எண்டு எல்லாம். நான் அதை ஒரு கன்வேர்ட்டரில போட்டு, இப்ப எல்லா ஃபோனும் வாசிக்கிற யூனிகோட் எழுத்தாக்கி சைட்டில ஏத்தினன். லேப்டொப்பில வடிவாத்தான் தெரிஞ்சுது.

முதல் முதல் அவருக்குக் காட்டினது பெல்லன்வில அத்திடியவில, விடிய ஆறரை இருக்கும். ஃபோனை வாங்கி ஒரு விரலால மெல்ல மெல்ல "கொக்கு" எண்டு அடிச்சார். முன்னால சதுப்பில ஏழெட்டுக் கொக்கு நிக்குது, ஃபோனில "எதுவும் கிடைக்கவில்லை". மீன்கொத்தி அடிச்சார், இல்ல. மரங்கொத்தி, அதுவும் இல்ல. செண்பகம் மட்டும் வந்துது. என்னைப் பாத்து, "தம்பி, என்ர பட்டியலில இருந்து கொக்கை எடுத்துப் போட்டீரோ?" எண்டு கேட்டார். கோவமே இல்ல அந்தக் குரலில. அதுதான் தாங்கேலாமப் போச்சு.

ரெண்டு நாள் மண்டையைப் போட்டு உடைச்சன். வராத மூண்டு பேரிலயும் "கொ" இருக்கு, செண்பகத்தில இல்ல. பாமினியில "கொ" அடிக்கிறதுக்கு முதல் கொம்பு, பிறகு க, பிறகு கால். கன்வேர்ட்டர் அதை அப்பிடியே கொம்பு ஒண்டு, கால் ஒண்டு எண்டு ரெண்டு துண்டா வச்சிருக்கு. ஃபோன் கீபோர்ட் ஒரே குறியீடா அனுப்புது. கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான், நான் ஜாவாஸ்கிரிப்டில எழுதின தேடலுக்கு ரெண்டும் வேற வேற சொல்லு. பட்டியலையும் தேடுற சொல்லையும் "நார்மலைஸ்" பண்ணி, துண்டுகளை ஒரே குறியீடாச் சேர்க்கிற என்.எஃப்.சி. வடிவத்துக்குக் கொண்டு வந்த உடனே எல்லாக் கொக்கும் வந்து இறங்கீட்டுது. பழைய பாமினி ஃபைல் வச்சு சைட் செய்யிற ஆரும் இதை முதல் நாளே பாருங்கோ. கொ, கோ ரெண்டுக்கும் இதே கதைதான்.

மலைநாட்டுக்குருவி (கொட்டாஞ்சேனை)
அண்ணா, எழுத்து சரியானாலும் பேரு சரியில்லன்னா ஆளு வராது. நான் வேல செஞ்ச சைட்ல ஒரு குருவிக்குப் புத்தகத்த பாத்து "தோட்டக்கள்ளன்"னு போட்டாங்க. எங்க அம்மாச்சி ஊர்ல அதுக்கு ஆறுமணிக்குருவின்னுதான் பேரு, காலையில ஆறு மணிக்கும் அந்திக்கு ஆறு மணிக்கும் கத்தும். அக்டோபர் வாக்குல இந்தியாவுல இருந்து வரும், ஏப்ரலுக்குள்ள போயிடும். போன தடவ லீவுக்குப் போனப்ப ஃபோன்ல அந்தச் சத்தத்த போட்டுக் காட்டினேன். தேயில கொழுந்து எடுத்து எடுத்துக் காய்ச்சுப்போன கைய காதுகிட்ட வச்சுக் கேட்டுட்டு, "அட, ஆறுமணி!"ன்னாங்க. திரையில இருந்த பேர வாசிச்சுக் காட்டினேன், "அது என்னாடி, வேற குருவியா?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு ராவே உக்காந்து ஊர்ப்பேருக்குன்னு தனியா ஒரு இடம் சேத்துட்டேன். சிங்களத்துல அவிச்சியா, அதையும் போட்டேன், ஏன்னா கொழும்புப் புள்ளைங்க பாதிப்பேருக்கு அந்தப் பேருதான் தெரியுது.

நடைக்காரன்
நான் செய்த பிழையைச் சொல்றன். கித்துல்கலப் பக்கம் போய், பகலில தூங்கிக்கொண்டிருந்த செரண்டிப் ஆந்தையைப் படம் எடுத்தன். 2001ல கண்டுபிடிச்சு 2004ல அறிவியல் பேர் வச்ச ஆந்தை அது. சந்தோசம் தலைக்கேறி எங்கட சைட்டில ஏத்தினன். இடம் எழுதேல்ல, கவனமாத்தான் இருந்தன் எண்டு நினைச்சன்.

அடுத்த கிழமை வழிகாட்டித் தம்பி கோல் எடுத்தான். நாலு பேர் ஸ்பீக்கரில ஆந்தைச் சத்தம் போட்டுக்கொண்டு அந்த மரத்துக்கே நேர வந்து நிண்டவையாம். ஆந்தை எழும்பிப் போய்ட்டுது. படத்துக்குள்ளயே எடுத்த இடத்தைக் காட்டுற ஜிபிஎஸ் குறிப்பு இருந்திருக்கு! சைட்டை ஓட்டுற வேர்ட்பிரஸ் மென்பொருள் வெட்டின சின்னப் படங்களில அது இல்ல, ஆனா அமத்தினா ஒறிஜினல் ஃபைல் திறக்கிற மாதிரி நான்தான் வச்சிருந்தன். "அண்ணை, நீங்கள் நல்ல ஆள் எண்டுதானே கூட்டிக்கொண்டு போனன்" எண்டான். இண்டைக்கும் ஆந்தைப் படம் ஒண்டைக் கண்டா அந்தக் குரல்தான் கேக்குது. இடத்தகவல் எண்ட ஒண்டே சைட்டில இருக்கக் கூடாது எண்டதுதான் இப்ப என்ர நிலைப்பாடு.

தலங்கம விடியல்
நடைக்காரன் அண்ணை, உங்கட கவலை விளங்குது, ஆனா கடைசி வசனத்தோட நான் ஒத்துப்போகமாட்டன். தலங்கம, பெத்தகான, அத்திடிய எண்ட கொழும்புப் பக்கத்து ஈரநிலங்கள் எல்லாம் சனம் வந்து பாத்தாத்தான் தப்பும். 2018ல கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின்ர ஈரநில நகரம் எண்ட அங்கீகாரம் கிடைச்சுது, அதுக்குப் பிறகும் மண் போட்டு நிரப்புறதைப் பற்றிக் கதைக்க ஆக்கள் வேணும், ஆக்கள் வர இடம் தெரியோணும். ஆந்தை, கூடு, குஞ்சு, இதுகளுக்கு மட்டும் இடத்தை மறையுங்கோ. குருவி கண்டதைப் பதியிற ஈபேர்ட் சைட்டிலயும் அப்பிடித்தான், ஆபத்தில இருக்கிற இனங்களுக்குத்தான் துல்லியமான இடத்தைக் காட்டாது.

என்ர அனுபவம் சின்னன். எங்கட முதல் சைட்டின்ர டொமைன், அதாவது இணைய விலாசம், ஒரு ஆளின்ர ஈமெயிலில இருந்தது, அவர் கனடா போனார், புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதம் ஒருத்தரும் பாக்காத அந்தப் பெட்டியில கிடந்தது, ஒரு விடியக்காலமை சைட் இல்ல. மூண்டு வருசப் பதிவு. பேக்கப்பும் இல்ல. அவ்வளவுதான்.

ஆனபடியா ஒருத்தரும் கேக்காட்டியும் சொல்றன், டொமைனைக் குழுவின்ர பொது ஈமெயிலில எடுங்கோ, கடவுச்சொல் ரெண்டு பேரிட்டயாவது இருக்கட்டும், மாசம் ஒருக்கா முழுசா இறக்கி வீட்டு ஹார்ட் டிஸ்க்கில வையுங்கோ. படங்களை அகலம் 1200 பிக்சலுக்குக் குறைச்சுப் போட்டுத்தான் ஏத்துங்கோ, கமராவில வாற 6 எம்பி படத்தை அப்பிடியே போட்டா டேட்டா கார்ட் போட்டுப் பாக்கிற பிள்ளை ரெண்டாவது பக்கத்துக்கு வரமாட்டுது. குறைக்கேக்கையே ஜிபிஎஸ்ஸையும் அழியுங்கோ. வட்ஸ்அப்பில படமா அனுப்பினா அது போயிரும், டொக்கியூமெண்டா அனுப்பினா போகாது, கனபேர் இதிலதான் பிழை விடுகினம். எழுத்துக்கு வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கோ, ஆங்கிலத்துக்கு வைக்கிற அளவு தமிழுக்குக் காணாது, "கீ"யின்ர சுழி மேல் வரியில போய் முட்டும். பிறகு முதல் பக்கத்தில ஓடுற படம், பாட்டு ஒண்டும் வேண்டாம் தயவுசெய்து. ஒரு தேடல் பெட்டியும் இந்த மாசம் என்ன குருவி வரும் எண்ட பட்டியலும் போதும்.

சாம்பல்நாரை (வெள்ளவத்தை)
மலைநாட்டுக்குருவி தங்கச்சி சொன்ன ஊர்ப்பேர் விசயத்தை நேற்றுத்தான் செய்து முடிச்சன். புலுனி எண்டு தேடினாலும் தவிட்டுக்குருவி எண்டு தேடினாலும் இப்ப ஒரே பக்கம்தான். இரவு அங்கிளுக்கு லிங்க் அனுப்பினன். விடிய அஞ்சரைக்கே கோல்.

"தம்பி, கொக்கு வருது."

"ஓம் அங்கிள்."

"மீன்கொத்தியும் வருது. இஞ்ச, மடையான் எண்டு ஒரு பக்கம் போட்டிருக்கிறீர். அதை எங்கட பக்கம் குருட்டுக்கொக்கு எண்டுதான் சொல்றது, கிட்டப் போகுமட்டும் அசையாமல் நிக்கும். எழுதிக்கொள்ளும்."

எழுதீட்டன். இன்னும் பதினாலு ஊர்ப்பேர் சொன்னார், பேப்பரில கிடக்கு, இண்டைக்குப் பின்னேரம் ஏத்தோணும்.