உடல் எடை கூடிய பெண்களுக்கு பிலாட்டீஸ்: வகுப்பில் பார்த்தவை, பகிருங்கள்

மேட் பயிற்சியாளர்:
பிலாட்டீஸ் என்பது மூச்சோடு சேர்த்து வயிறு, முதுகுத் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி முறை; பாய் விரித்துத் தரையில் செய்வது ‘மேட்’. அதில் எடை கூடியவர்கள் முதலில் திணறுவது ‘ஹண்ட்ரட்’ பயிற்சியில்தான். மல்லாந்து படுத்து, தலையும் தோளும் தூக்கி, இரண்டு காலையும் உயர்த்தி நீட்டி, கைகளைச் சின்னச் சின்னதாக மேலும் கீழும் அடிக்க வேண்டும். 5 அடிக்கு மூச்சை இழுத்து, 5 அடிக்கு விட வேண்டும். 10 சுற்று போனால் 100. வயிற்றுத் தசை தளர்ந்திருந்தால் காலின் கனம் முழுக்க கீழ்முதுகில் இறங்கும், முதுகு வில்லாக வளையும், மறுநாள் பிடித்துக்கொள்ளும். அதனால் பாதம் தரையில், தலை தலையணை மேல், கை அடி மட்டும், 3 சுற்று. அது வந்தபின் ஒரு காலை முட்டி மடக்கித் தூக்கலாம். யோகா பாய் 4–6 மி.மீ. தான் இருக்கும், வால் எலும்பு உரசும். 10 மி.மீ.க்குக் குறையாமல் வாங்குங்கள்.

பிசியோதெரபிஸ்ட்:
தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுக்கோடு கூம்பு மாதிரி மேலெழுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் நடுத்தசை விலகியிருந்தால் இப்படி ஆகும். அப்போது தலை தூக்கும் பயிற்சி எதுவும் வேண்டாம். பாதம் ஊன்றிப் படுத்து, மூச்சை விட்டபடி ஒரு குதிகாலை மெல்ல நீட்டி மடக்கினால் போதும், பக்கத்துக்கு 8 தடவை. சிசேரியன் என்றால் மருத்துவர் சரி சொன்ன பிறகுதான் இதுவும்.

மூச்சை அடக்கிக்கொண்டு முக்குவது இன்னொரு சிக்கல். ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீர்க் கசிவும் கூடும். கனம் தூக்கும் கணத்தில்தான் மூச்சை விட வேண்டும். நாலு காலில் நிற்கையில் முட்டி வலித்தால் போர்வையை மடித்துப் போடுங்கள். மணிக்கட்டு தாங்காதவர்கள் பிளாங்கை (கையும் கால்விரலும் ஊன்றி உடலைப் பலகைபோல் நேராக நிறுத்துவது) சுவரில் கை ஊன்றிச் செய்யலாம். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) முதுகை உருட்டும் ‘ரோல் அப்’ கூடவே கூடாது.

உணவியலாளர்:
‘இஞ்ச் லாஸ்’ (உடல் சுற்றளவு குறையும்) என்ற விளம்பரத்தை நம்பிப் போகிறவர்களுக்காக. பிலாட்டீஸ் ஏறக்குறைய 3 மெட் உழைப்பு, அதாவது சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல் மூன்று மடங்கு. 80 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் செய்தால் சுமார் 240 கலோரி. அதில் 80 சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும். மிச்சம் 160. நாலு இட்லியும் சட்னியும் அதை விழுங்கிவிடும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, 2021ல் வந்த தொகுப்பாய்வு ஒன்றில் எடை, பி.எம்.ஐ., கொழுப்பு விகிதம் மூன்றும் குறைந்தன. இடுப்புச் சுற்றளவில் மட்டும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நம் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை என்பதால் இது முக்கியம். வாரம் 150 நிமிட வேக நடையைக் கைவிடாதீர்கள். பிலாட்டீஸ் அதன் மேல் 2 அல்லது 3 நாள். இன்சுலின் போடுபவர்கள் பக்கத்தில் சர்க்கரை வைத்துக்கொள்ளுங்கள்.

மேட் பயிற்சியாளர்:
அது சரிதான். வகுப்பில் முதலில் தெரியும் மாற்றமும் எடையில் இல்லை. கையூன்றாமல் தரையிலிருந்து எழுவதில்தான்.

ரிஃபார்மர் பயிற்சியாளர்:
ரிஃபார்மர் என்பது ஸ்பிரிங் மாட்டிய, நகரும் வண்டி உள்ள பிலாட்டீஸ் கருவி. அதில் ஏறுமுன் அது தாங்கும் எடையைக் கேட்டுவிடுங்கள், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஸ்பிரிங் குறைந்தால் எல்லாம் சுலபம் என்பது தப்பு. படுத்துக் காலால் தள்ளும்போது ஸ்பிரிங் கூடினால் கடினம். வண்டியில் பிளாங்க் போடும்போது ஸ்பிரிங் குறைந்தால்தான் கடினம்; வண்டி நழுவும், தோள் மாட்டும். புதியவர்களுக்கு அங்கே ஒன்று கூட்டியே மாட்டிக் கொடுங்கள்.